பாலா, தயிரா, ராகியா?

நாற்பத்திரண்டு வயதுவரை இரவில் பெரிய டம்ளர் நிறையப் பால் குடித்துவிட்டுத்தான் படுப்பேன். பிறகு அந்தப் பால் விடிவதற்குள் கணக்குக் கேட்க ஆரம்பித்தது. உப்புசம், இரைச்சல், கழிவறைக்கு ஓட்டம். கடைசியில் மூச்சுப் பரிசோதனைக்குப் போனேன். லாக்டோஸ் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து, மூச்சில் ஹைட்ரஜன் ஏறுகிறதா என்று அரை மணிக்கு ஒருமுறை ஊதச் சொன்னார்கள். ஏறியது.

பாலில் உள்ள சர்க்கரைதான் லாக்டோஸ். குளுக்கோஸும் கேலக்டோஸும் ஒட்டிய ஜோடி அது. பிரித்தால்தான் குடல் உறிஞ்சும். பிரிக்கிற நொதியான லாக்டேஸ் சிறுகுடலின் உட்சுவரில் இருக்கிறது. தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான மனிதர்களுக்கு அது குறைந்துகொண்டே வரும். வட ஐரோப்பியர் பலருக்குக் கடைசிவரை குறைவதில்லை; தென்னிந்தியர்களில் அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஆக இது நோயல்ல, நம் பக்கத்து வழக்கம். பிரியாத லாக்டோஸ் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து வாயு உண்டாக்குகின்றன. அந்த ஹைட்ரஜனில் ஒரு பங்குதான் ரத்தம் வழியாக மூச்சுக்கு வந்து என்னைக் காட்டிக்கொடுத்தது.

சரி, பாலை நிறுத்தினால் கால்சியத்துக்கு எங்கே போவது? வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 250 மில்லி பாலில் ஏறக்குறைய 300 கிடைத்துவிடும். இதை ஈடுகட்ட மூன்று வழிகளை முயன்றேன்.

லாக்டோஸ் நீக்கிய பாக்கெட் பாலை இரண்டு வாரம்தான் குடித்தேன். அதை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன். லாக்டேஸைப் பாலிலேயே சேர்த்துப் பிரித்துவிடுவதால் வயிறு அமைதியாக இருந்தது, கால்சியமும் அப்படியே. ஆனால் பிரிந்த சர்க்கரைகள் கூடுதலாக இனிக்கும். காப்பியில் அது எனக்குப் பிடிக்கவில்லை. விலையும் பிடிக்கவில்லை.

ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் உண்டு. எண்ணைப் பார்த்து மயங்கிவிடக்கூடாது. அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் பிடி தளரும். களியைவிடப் புளித்த கூழ் மேல் என்று நான் சொல்வது இதனால்தான். வாரம் மூன்று நாள் குடிக்கிறேன். தினமும் என்றால் வீட்டில் கலகம்.

நான் வந்து நின்றது தயிரில்.

பாலில் உள்ள கால்சியம் தயிரிலும் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்கு முடிவைச் சொன்னது அதில் உயிரோடிருக்கும் பாக்டீரியா. உறை ஊற்றியதும் அது லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகிறது, புளிப்பு அதுதான். ஆனாலும் பெரும்பகுதி லாக்டோஸ் தயிரில் மிச்சமிருக்கும். பிறகு எப்படி ஒத்துக்கொள்கிறது? பாக்டீரியா தன் நொதியையும் கூடவே கொண்டுவருகிறது. இரைப்பை அமிலத்தைத் தயிர் ஓரளவு தாங்கிக்கொள்ள, சிறுகுடலில் பித்தநீர் பட்டு அந்த நொதி வெளிவந்து, என் குடல் செய்ய மறந்த வேலையைச் செய்கிறது. பாலைப்போல் சட்டென்று இறங்காமல் தயிர் மெதுவாக நகர்வதும் உதவி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதை ஏற்றுக்கொண்டது; கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள பாக்டீரியா வேண்டும் என்பது நிபந்தனை. அது யோகர்ட்டுக்கான பாக்டீரியாக்களைப் பற்றிய கணக்கு. நம் வீட்டு உறைமோரில் இருப்பவை வீட்டுக்கு வீடு மாறும், ஆகவே என் வயிற்றின் சாட்சியத்தை உங்கள் வயிற்றுக்கு நான் நீட்டமாட்டேன்.

உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மோர்க்குழம்பு கொதித்துவிட்டால் அந்த நொதி போயிற்று. தயிர் என்ற பெயர் மட்டும் போதாது என்பதை நான் கற்றது ஒரு கல்யாணப் பந்தியில். தயிர் சாதம்தானே என்று இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். மாலை முழுவதும் அவதி. சமையல்காரரிடம் விசாரித்தபோது, புளிக்காமல் இருக்கச் சுடுசோற்றில் பாலை ஊற்றி, பேருக்கு ஒரு கரண்டி தயிர் கலந்ததாகச் சொன்னார். அதே சாதம் கட்டுச்சோறாகப் போய் மதியம் பிரிக்கப்பட்டிருந்தால் உள்ளேயே தோய்ந்து தயிராகியிருக்கும். நான் சாப்பிட்டது பால் சோறு.

இன்னொரு ஏமாற்று நீர்மோர். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றினால் கால்சியமும் காலாகத்தான் இருக்கும். தாகத்துக்கு நல்லது, எலும்புக் கணக்கில் அதைப் பெரிதாக எழுதாதீர்கள். மதியம் ஒரு கிண்ணம், இரவு அரைக் கிண்ணம் கெட்டித் தயிர் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

காப்பியை விடவில்லை. லாக்டேஸ் குறைந்த பலருக்கும் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ்வரை பெரிய தொல்லை தருவதில்லை. என் காப்பியில் 100 மில்லி பால், அதாவது ஏறக்குறைய 5 கிராம். காலையில் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. மூன்றாவது டம்ளர் மட்டும் மனைவிக்குப் போகிறது. அவள் வயிறு எதற்கும் கணக்குக் கேட்பதில்லை.