அம்பாசடரின் வாலாட்டம்: பன்னிரண்டு வருட ஓட்டத்தில் ஒரு வருடத் தேடல்

பல்லடத்திலிருந்து உடுமலை போகிற சாலையில் ஆடி மாதம் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வலப்பக்கமிருந்து வண்டியை அறையும். காற்றாலை இறக்கைகள் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தே ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கலாம். 2021 ஆடியில் அப்படிப் போகும்போதுதான் முதன்முதலாக அது நடந்தது. ஸ்டியரிங்கை நான் திருப்பவில்லை, முன்பக்கம் நேராகப் போகிறது, பின்பக்கம் மட்டும் அரை நொடி கழித்து இடப்பக்கம் நகர்ந்து, திரும்பி வந்து, இன்னொரு முறை ஆடி அடங்கியது. பின் சீட்டில் இருந்த அம்மாதான் முதலில் சொன்னார்: “என்ன கண்ணு, பின்னாடி யாரோ புடிச்சுத் தள்ற மாதிரி இருக்குது?”

வண்டி 1986 அம்பாசடர் மார்க் 4. 2013-இல் வாங்கினேன். 2015-இல் பழைய 1489 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு, பிற்கால அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றினேன். ஆர்.சி.யில் அதைப் பதிவதற்கு அலைந்தது தனிக் கதை. அதே சமயம், பின்பக்கத்தைத் தாங்குகிற முப்பது வருடப் பட்டை ஸ்பிரிங் (அடுக்கடுக்கான வளைந்த எஃகுப் பட்டைகள்) தொய்ந்து கிடந்ததால், பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்து, அதன் பின்முனையைப் பாடியோடு இணைக்கும் ஷேக்கிளையும் நீளமானதாகப் போட்டோம். வண்டி பின்னால் எடுப்பாக நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் “சூப்பரா இருக்குதுங்க” என்றார்கள். எனக்கும் பெருமைதான்.

ஆடியது பின்பக்கம், நான் செலவழித்தது முன்பக்கம். அலைன்மென்ட், பேலன்சிங் மூன்று முறை. ஸ்டியரிங் ரேக்கைக் கழற்றிப் பார்த்தோம், அதில் ஒன்றுமில்லை. அப்புறம் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் புதிது. அது போட்டதும் பத்து நாள் நன்றாக இருப்பது போலத் தோன்றியது. ஆட்டம் இரண்டு முறைக்குப் பதில் ஒரு முறையோடு அடங்கியது, அவ்வளவுதான். ஷாக் ஆட்டத்தை அடக்கும், ஆட்டம் எங்கே பிறக்கிறது என்று அதற்குத் தெரியாது. காசே செலவில்லாமல் கிடைத்த துப்பு வேறு: பின் டயரில் 28 இருந்த காற்றை 32 ஆக்கியதும் கொஞ்சம் குறைந்தது. அன்றே நான் முன்பக்கத்தை விட்டிருக்க வேண்டும்.

பொள்ளாச்சியில் லாரிகளுக்குப் பட்டை வேலை செய்கிற ஓர் அண்ணனிடம் கடைசியில் போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. “காலியா போறப்ப ஆடுதா, லோடு இருக்கறப்ப ஆடுதா?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன், அதைக் கவனிக்கவில்லை. டிக்கியில் நான்கு சிப்பம் அரிசியும் பின் சீட்டில் இரண்டு ஆட்களும் ஏற்றி அதே வேகத்தில் போய் வந்தேன். வண்டி பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. இறக்கிவிட்டுப் போனால் மறுபடி ஆட்டம்.

அவர் விளக்கியது இது. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக் கையை நீட்டுங்கள். கை கீழ்நோக்கித் தொங்கினால், மேலே தூக்கத் தூக்க விரல் நுனி மேசை விளிம்பை விட்டு வெளியே விலகிப் போகும். கை ஏற்கெனவே மேல்நோக்கி இருந்தால், தூக்கும்போது விரல் உள்ளே வரும். முழங்கை என்பது பட்டையின் முன்முனை, விரல் நுனி என்பது பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற ஆக்சில். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டதால் முன்முனை ஆக்சிலை விட உயரத்துக்குப் போய்விட்டது. வண்டி சாயும்போது, சாய்ந்த பக்கச் சக்கரம் பின்னால் போகிறது, எதிர்ப்பக்கச் சக்கரம் முன்னால் வருகிறது. ஆக்சிலே கொஞ்சம் திரும்பிவிடுகிறது! யாரும் பிடிக்காத இரண்டாவது ஸ்டியரிங் ஒன்று பின்னால் இருந்த மாதிரி. லோடு ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து கோணம் சரியாகிவிடும். நான் எடுப்பாக இருக்கிறது என்று ரசித்த உயரம்தான் பாதிக் குற்றவாளி.

மீதிப் பாதிக்கு நூல்குண்டும் சாக்பீஸும் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கர மையத்திலிருந்தும் குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து அளந்தோம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2464 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வலப்பக்கம் சரியாக இருந்தது. இடப்பக்கம் 7 மில்லிமீட்டர் கூடுதல். பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்து, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை உட்காரும் ஓட்டை தேய்ந்து, ஆக்சில் பின்னால் நழுவியிருந்தது. ஸ்டியரிங் நேர்ச்சாலையிலும் ஒரு விரல் சாய்ந்தே நின்றதற்குக் காரணம் அதுதான். முன்சக்கரத்தை மட்டும் பார்க்கிற அலைன்மென்ட்டில் இது எந்தக் காலத்திலும் தெரியாது.

அப்புறம் பழைய போன் ஒன்றை டிக்கிக்கு அடியில் கட்டி, வீடியோ ஓடவிட்டு இரண்டு கிலோமீட்டர் போய் வந்தேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு வளைவிலும் அந்த நீள ஷேக்கிள் ஊஞ்சல் மாதிரிப் பக்கவாட்டில் சாய்கிறது. இடப்பக்க ஷேக்கிளின் புஷ்ஷைக் (போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம்) கழற்றினால், வட்டமாக இருக்க வேண்டிய ரப்பர் முட்டை வடிவத்தில் கிழிந்திருந்தது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டார்கள் போலும். அப்படி முறுக்கினால், இறக்கி வைத்த நிமிடத்திலிருந்தே ரப்பர் திருகிய நிலையில்தான் வாழும்.

வேலை ஒன்றரை நாள். கூடுதல் பட்டையை எடுத்தோம், தொய்ந்த பட்டைகளுக்கு மட்டும் அளவாக வளைவு கொடுத்தோம். ஷேக்கிள் பழைய நீளம். யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் எல்லாம் புதிது. பாலியூரித்தேன் புஷ் போடச் சொன்னவர்கள் உண்டு. என் பயன்பாட்டுக்கு ரப்பரே போதும் என்று நினைத்தேன், இன்றும் அப்படித்தான். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போது முறுக்கினோம். 500 கிலோமீட்டர் கழித்து யூ போல்ட்டை மறுபடி முறுக்கியபோது நட்டு அரைச் சுற்று உள்ளே போனது. இதைத் தவறவிட்டால் பழைய கதைதான். அம்பாசடருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் எல்லாவற்றையும் தாங்குகிறது என்பதால், பட்டை மாட்டுகிற இடங்களைத் துரு இருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்தியும் பார்த்தோம். மொத்தச் செலவு, முதலில் வீணாக வாங்கிய ஷாக் ஜோடியின் விலையைத் தாண்டவில்லை.

அதன்பிறகு மூன்று வருடம், 26,000 கிலோமீட்டர். வண்டி 45 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கிறது, பார்க்க முன்போல மிடுக்கில்லை. ஐந்து பேரும் நிறைய மூட்டையும் ஏறினால் வேகத்தடையில் பின்பக்கம் தடுப்பு ரப்பரில் முட்டும். 90-ஐத் தாண்டினால் பட்டை ஸ்பிரிங் வண்டிக்கே உரிய மெல்லிய நெளிவு இன்னும் உண்டு. பக்கவாட்டு அசைவைத் தடுக்க ஆக்சிலிலிருந்து பாடிக்கு ஒரு கம்பி போடலாமா என்று யோசித்தேன். பாடியில் வெல்டிங் வைக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

இந்த ஆடியில் அதே சாலையில் போனோம். காற்று அறைந்தது, வண்டி முழுசாக ஒரு சாண் நகர்ந்தது, அதோடு நின்றது. ஆட்டத்தைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. குடிமங்கலம் தாண்டியதும் “அந்த உர்ருங்கற சத்தம் எங்கிருந்துடா வருது?” என்றார். பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தின் சத்தம். ஆட்டம் இருந்தவரை அது யார் காதிலும் விழவில்லை.