ராணி சிக்கிய ஆட்டமும் லிசெஸ் ஆய்வுப் பலகையும்

மாணவர் போட்டி ஒன்றில் என்னிடம் சதுரங்கம் பயிலும் சிறுவன் தன்னைவிட 200 ரேட்டிங் புள்ளிகள் கூடுதலாக வைத்திருந்த எதிராளியை வென்று வந்தான். அன்று மாலையே ஆட்டத்தாளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு நகர்த்தலாக லிசெஸ் (Lichess) என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் ஆய்வுப் பலகையில் ஏற்றினோம். கட்டணமும் விளம்பரமும் இல்லாத இத்தளத்தில் நகர்த்தல்களைக் கணித்து மதிப்பிடும் ஸ்டாக்ஃபிஷ் இயந்திரம் (ஒரு மென்பொருள்) உலாவியிலேயே இயங்குவதால், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

லண்டன் முறை என்ற தொடக்க வரிசையில் தொடங்கிய ஆட்டம் அது; நம் சிறுவனுக்கு வெள்ளைக் காய்கள். பி2 கட்டத்தில் காவலின்றி நின்ற சிப்பாயைக் கறுப்பு ராணி நான்காவது நகர்த்தலிலேயே வெட்டியது. வெள்ளைக் குதிரை பி5-க்குத் தாவி, அடுத்து சி7-இல் ராஜாவையும் யானையையும் ஒருசேரத் தாக்கப்போவதாக மிரட்ட, கறுப்பு தன் குதிரையை ஏ6-க்குக் கொண்டுவந்து அதைத் தடுத்தது. அதன்பின் நம் சிறுவன் ஆடியது ஏ3 என்ற எளிய சிப்பாய் நகர்த்தல்தான். ஆனால் அதனால் தன் ராணி சிக்கப்போகிறது என்பதைக் கறுப்பு கவனிக்கவில்லை.

இந்த ஏ3-ஐ இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் காட்டிவிட்டது. சிறுவனோ அதற்குப் பதினொரு நிமிடம் செலவிட்டதாகத் தாளின் ஓரத்தில் குறித்திருந்தான். கையால் ஏற்றிய ஆட்டத்தில் கடிகார நேரம் இராது என்பதால், ஆட்டங்களைக் குறிப்புகளோடு சேமிக்கும் ஸ்டடி பகுதியில் அதைக் குறிப்பாகச் சேர்த்தோம்.

ராணியை வென்ற பிறகு அவன் மெதுவாகவே ஆடினான்; ஆயினும் தளம் அந்த நகர்த்தல்களைப் பிழைகளாக அடுக்கவில்லை. வெற்றி வாய்ப்பு எவ்வளவு குறைகிறது என்பதை வைத்தே அது பிழையை அளப்பது எனக்குப் பிடித்த அம்சம். எந்த நகர்த்தல் தவறு என்று சொல்லும் இயந்திரம், ஏன் தவறு என்று வார்த்தைகளில் சொல்வதில்லை. அந்த இடத்தில் ஆசிரியர் தேவைப்படுகிறார்.

அதிர்ஷ்டத்தால் வென்றதாகவே சிறுவன் நினைத்திருந்தான். 200 புள்ளி இடைவெளியில் கீழே இருப்பவருக்கு ரேட்டிங்கைக் கணிக்கும் எலோ முறையே ஓர் ஆட்டத்துக்கு (வெற்றிக்கு 1 புள்ளி) 0.24 புள்ளி எதிர்பார்க்கிறது; 18 வயதுக்குட்பட்ட, 2300-க்குக் கீழுள்ள ஆட்டக்காரருக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் கே மதிப்பு (பெருக்கும் எண்) 40 என்பதால் இந்த வெற்றி (1 − 0.24) × 40 = 30.4 ரேட்டிங் புள்ளிகளாகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

பிறகு இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஏ3-க்குக் கறுப்பு வேறென்ன ஆடியிருக்கலாம் என்று தேடச் சொன்னேன். பிஷப்பை டி7-க்கு நகர்த்தியிருக்கலாம் என்று அவனே கண்டுபிடித்துச் சொன்னான்.