உங்கள் பான் எண்ணில் வேறு யாராவது கடை நடத்துகிறார்களா? டெலிவரி நண்பர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் சாப்பாடு டெலிவரி ஓட்டுபவர்களுக்கு இந்தப் பதிவு. "டிடிஎஸ் பணம் திரும்ப வாங்கித் தருகிறேன்" (டிடிஎஸ் என்றால் நம் கைக்கு வருமுன்பே கம்பெனி பிடித்துக்கொள்ளும் வரி) என்று ஒருவர் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறார். அவரிடம் கொடுத்த ஆவணங்களை வைத்து என் பான் எண்ணில் ஜிஎஸ்டி பதிவு எடுத்து, பழைய இரும்பு வியாபாரம் நடந்ததாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

முதலில் டிடிஎஸ் விஷயம். கம்பெனி கணக்கில் நாம் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். பிஎஃப் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. ஆனால் வாராவாரம் வரும் பணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டிவிடுவார்கள். பான் கொடுக்காதவருக்கு 20 சதவீதம். 2024-25 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 7 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. 2025-26க்கு அது 12 லட்சம். லாஸ்பேட்டைக்கும் முதலியார்பேட்டைக்கும் நாள் முழுக்க ஓடினாலும் பெட்ரோல் போகக் கையில் நிற்பது அதன் பக்கத்தில்கூட வராது. ஆக, பிடித்த பணம் முழுசாக நமக்கே வரவேண்டியது. வருமான வரி ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்கு, போட்டால் வரும். இதற்குத்தான் அந்த ஆள் மூன்றில் ஒரு பங்கு கமிஷன் வாங்கினார்.

ஆதார், பான், பாஸ்புக் கேட்டார், சரி. கூடவே வெள்ளைப் பின்னணியில் ஒரு போட்டோ, வீட்டு கரண்டு பில். "இப்பல்லாம் அட்ரஸ் ப்ரூஃப் கட்டாயம் தம்பி" என்றார். ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி, ஆர்டர் குவிகிற நேரமாகப் பார்த்து போன் செய்து ஆதார் ஓடிபி கேட்டார். கொஞ்ச நேரத்தில், "முதல் ஓடிபி ஃபெயில் ஆயிடுச்சு" என்று இன்னொன்று. முதலாவது ரிட்டர்னை உறுதிசெய்ய. இரண்டாவதுதான் ஜிஎஸ்டி பதிவுக்கு. ரீபண்ட் ஒழுங்காக வந்தது என்பதுதான் இதில் பெரிய சாமர்த்தியம். பணம் வந்துவிட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

பொங்கல் கழிந்து பைக் லோனுக்காக வங்கியில் ரிட்டர்ன் நகல் கேட்டார்கள். வருமான வரித் தளத்தில் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போனால், பதிவான மின்னஞ்சல் என்னுடையதே இல்லை. துறை நோட்டீஸ் அனுப்பினால் அவருக்குத்தான் போகும். அதே தளத்தில் நம் பான் எண்ணில் பதிவான வரவு செலவைக் காட்டும் ஏஐஎஸ் விவரத்தில் ஜிஎஸ்டி விற்றுமுதல் என்று பல லட்சம் நின்றது.

ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே பான் எண்ணைப் போட்டுத் தேடலாம். இன்றைக்கே தேடிப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்தும் நம் பான். என் பெயரில் இருந்தது 33. முகவரி கடலூர் மஞ்சக்குப்பம். நேரில் போனால் அது இன்னொரு டெலிவரி பையன் குடியிருக்கும் வீடு! அவரும் இதே ஆளிடம் ரிட்டர்ன் போட்டவர். அவர் கரண்டு பில்லில் என் கடை. என் கரண்டு பில்லில் யார் கடை ஓடுகிறது என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. "டெலிவரி பார்ட்னர் எல்லாரும் ஜிஎஸ்டி எடுக்கணும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இதுவரை நான் செய்தது: ஏஐஎஸ்-ல் அந்தத் தகவலை மறுத்துப் பதிவு செய்தேன். சைபர் குற்ற உதவி எண் 1930-ல் புகார் கொடுத்தேன். ஜிஎஸ்டி தேடலில் வரும் பக்கத்திலேயே அந்த எண் எந்த அலுவலகத்தின் கீழ் இருக்கிறது, மாநிலமா மத்தியமா என்று இருக்கும். அங்கே எழுத்தில் மனு கொடுத்தேன். வேறு அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை, அந்தப் பக்கத்தில் காட்டும் அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். மனுவோடு வைத்த நல்ல ஆதாரம், ஆதார் தளத்தில் கிடைக்கும் சரிபார்ப்பு வரலாறு. எந்த நிறுவனம் என்றைக்கு ஓடிபி கேட்டது என்று அதில் இருக்கிறது. ஆறு மாதம் வரைதான் கிடைக்கும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். மோசடியாக எடுத்த பதிவை ரத்து செய்ய அதிகாரிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ரத்தானதும் பழைய வரிப் பாக்கி தானாகப் போய்விடாது, அதற்குத் தனியாக அலையவேண்டும். அலைந்துகொண்டிருக்கிறேன்.

அந்த ஆள் இப்போது வேறு எண்ணிலிருந்து அதே விளம்பரத்தைப் போடுகிறார். வருமான வரி ரிட்டர்னுக்கு கரண்டு பில்லும் போட்டோவும் எதற்கு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.