வாவுபலி பாக்கெட்: எள்ளும் அரிசியும் நன்று, காக்கை தப்பு

ஆடி அமாவாசையன்று முன்னோருக்குச் சோற்று உருண்டை வைத்துக் காக்கையை அழைக்கும் சடங்குதான் வாவுபலி. அதற்கு முந்தைய வாரம் குமரி மாவட்டம் குழித்துறை ஆற்றங்கரைப் பக்கம் பூஜைச் சாமான் கடைகளில் கிடைக்கும் 120 ரூபாய் பாக்கெட் இது. பச்சரிசி 100 கிராம், கறுப்பு எள் 25 கிராம், தர்ப்பைக் கட்டு, பவித்திரம் என்ற தர்ப்பை மோதிரம், சந்தனம், காய்ந்த சிறுபீளை, கூடவே காக்கையைப் பற்றி 16 பக்கப் புத்தகம். நாக்கிலை, அதாவது வாழையின் நுனி இலை, தனியே வாங்க வேண்டும்.

எள் சுத்தம். தண்ணீரில் போட்டால் சாயம் இறங்கவில்லை. அரிசியும் நல்ல அரிசிதான். ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து வற்றவிட்டால் உருண்டை பிடிக்கும். கஞ்சியை வடித்தால் பசை போய் உருண்டை இலையிலேயே உதிரும். தர்ப்பையைப் பாக்கெட் அளவுக்கு மடித்துத் திணித்ததில் நுனி முறிந்திருக்கிறது. நுனி போன தர்ப்பை பலிக்கு ஆகாது. சிறுபீளை வயல் வரப்பிலேயே பச்சையாகக் கிடைக்கும்போது இந்தச் சருகு எதற்கு?

புத்தகம்தான் பெரிய ஏமாற்றம். அட்டைக் காக்கையின் பெயர் 'கோர்வஸ் கொரோனே' என்று அச்சாகியிருக்கிறது. அது 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட, ஐரோப்பாவின் பிணந்தின்னிக் காக்கை. நம் கரையில் பலிக்காக்கை என்பது அண்டங்காக்கை: உடம்பெல்லாம் கறுப்பு, தடித்து வளைந்த மேலலகு, செங்குத்தாக எழும் நெற்றி. கழுத்து சாம்பலாக இருந்தால் அது வீட்டுக்காக்கை.

படத்தோடு கதையும் அங்கிருந்தே வந்துவிட்டது. அயர்லாந்துப் பழங்கதைகளில் பாட்வ் என்ற போர்த் தெய்வம் காக்கை வடிவில் போர்க்களத்துக்கு வரும். அந்த மண்ணுக்கு அது பொருத்தம். நாம் சோறு வைப்பதற்கும் அந்த மரண பயமே காரணம் என்று எழுதியிருப்பதை ஏற்க முடியாது. குறுந்தொகை 210ஆம் பாட்டில் காக்கை விருந்து வரக் கரைகிறது. தொண்டியில் விளைந்த வெண்ணெல்லின் சோற்றை நெய்யோடு ஏழு கலத்தில் ஏந்தினாலும் அந்தக் காக்கைக்கு இடும் பலி சிறிதுதான் என்கிறாள் தோழி. பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே நிலைத்தது. இவ்வளவு அழகான பாட்டுக்குப் புத்தகத்தில் ஒரே வரி! ஒளிக்காமல் இனத்தை அழைத்து உண்ணும் காக்கையைச் சொல்லும் 527ஆம் குறளோ இல்லவே இல்லை.

காக்கை தொடாவிட்டால் முன்னோர் கோபம் என்ற 11ஆம் பக்கத்தை நீக்கியே ஆக வேண்டும். அமாவாசைக் காலையில் கரை முழுக்க இலைதான். எட்டு மணிக்குள் காக்கைக்கு வயிறு நிறைந்துவிடும். அண்டங்காக்கை கூட்டத்துக்கும் ஒதுங்கும். சோறு ஆறிய பிறகு இலையை வையுங்கள். ஈரக்கையைத் தட்டி அழைத்துவிட்டுப் பத்தடி விலகி நில்லுங்கள். கன்னியாகுமரி முக்கடல் கரையில் காக்கைக்கு இலை வைப்பதானால் ஆடிக்காற்று தூக்கிவிடும். தண்டுப் பக்கம் ஒரு கல் வைத்துக்கொள்ளுங்கள்.