மைக்ரோநியூட்டன் தள்ளு: எந்தத் தராசு, எந்தக் கணக்கு?

2013-இல் ஏவப்பட்ட கையா விண்கலத்தை ஆடாமல் பிடித்துவைத்தவை நைட்ரஜனைப் பீய்ச்சும் குட்டி உந்திகள். ஒவ்வொன்றின் தள்ளும் 1 முதல் 500 மைக்ரோநியூட்டன் வரை. ஒரு மைக்ரோநியூட்டன் என்பது தூள் உப்பில் இரண்டு பரல்களின் எடை, அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய தள்ளை அளக்க முதலில் தோன்றுவது தொங்கு ஊசல். கட்டுவது எளிது, தானாக நிலைக்கு வந்துவிடும். ஆனால் உந்தியின் எடைதான் அதை நடுவுக்கு இழுக்கிறது. கனமான உந்தியைத் தொங்கவிட்டால் இவ்வளவு சிறிய தள்ளுக்கு அது அசைந்ததா என்றே தெரியாது. தலைகீழ் ஊசல் நன்றாக அசையும், ஆனால் சற்றே சூடு ஏறினாலும் பூஜ்யம் நகர்ந்துவிடும். முறுக்குத் தராசில் கை கிடைமட்டமாகச் சுழல்வதால், எதிர் எடையை ஒழுங்காக வைத்தால் உந்தியின் எடை குறுக்கே வராது. என் ஓட்டு இதற்குத்தான். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இந்த வகைத் தராசில் 100 நானோநியூட்டனுக்கும் கீழே அளந்திருக்கிறார்கள்.

தள்ளைக் கணினியில் கணக்கிடும் பக்கம், வாயு மெலிந்திருக்கும்வரை முறைகளுக்குள் போட்டியே இல்லை என்பேன். 1 மில்லிமீட்டர் துளை, உள்ளே 1 பாஸ்கல் நைட்ரஜன், வெளியே வெற்றிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் மோதுமுன் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஓடிவிடும். துளையைவிட நீளம்! வாயுவைத் தொடர்ச்சியான பாய்மமாகப் பார்க்கும் நாவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டுக்கு இங்கே வேலை இல்லை. பாய்மக் கணக்கின்படி தள்ளு, அழுத்தம் பெருக்கல் பரப்பைப்போல் ஏறத்தாழ 1.27 மடங்கு, மூலக்கூறுகள் தனித்தனியே பறக்கும்போது அந்தப் பெருக்கலில் சரிபாதிதான், அதாவது 0.39 மைக்ரோநியூட்டன். பிழை இரண்டரை மடங்கு.

இங்கே பொருந்துவது கிரேம் பேர்ட் 1960-களில் கொண்டுவந்த டி.எஸ்.எம்.சி. (டைரக்ட் சிமுலேஷன் மான்டே கார்லோ) முறை. அது மூலக்கூறுகளின் மாதிரிகளையே ஓடவிட்டு மோதவிடுகிறது. அழுத்தம் ஏற ஏற மோதல்கள் பெருகி, கணினி திணறும். அங்கே நாவியர்–ஸ்டோக்ஸ் போதும். இடைப்பட்ட அழுத்தத்தில்தான் தலைவலி.

அந்த 0.39-ஐக் காகிதத்திலேயே போட முடிவதால், மெல்லிய தகட்டில் ஒரு துளை தராசுக்கும் நிரலுக்கும் பொதுவான படிக்கல் ஆகிறது. நிஜ உந்தியின் கூம்பு முனைக்குப் போகுமுன் இதைச் செய்துவிடுங்கள். அப்புறம் ஒன்று: கணினியில் வெளியே சுத்த வெற்றிடம், தராசு இருக்கும் நிஜ வெற்றிடக் கலனில் நீங்கள் பீய்ச்சிய வாயுவே தேங்கித் திரும்ப வந்து தராசில் இடிக்கும். இரண்டு எண்களும் ஒட்டாவிட்டால் நிரலைக் குடையுமுன் கலனிலிருந்து வாயுவை உறிஞ்சும் பம்பைப் பாருங்கள்.