ஜிப்பியின் நண்பர்கள்: எங்கள் மகள் ஓராண்டு படித்த பாடம்

லண்டனில் எங்கள் மகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலையில் சென்ற ஆண்டு நடத்தப்பட்ட "ஜிப்பியின் நண்பர்கள்" என்ற பயிற்சியை, ஒரு தாயாக அருகிலிருந்து பார்த்த அளவில் இங்கே மதிப்பிடுகிறேன். பார்ட்னர்ஷிப் ஃபார் சில்ட்ரன் என்ற பிரித்தானியத் தொண்டு நிறுவனம் வழங்கும் இது, 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கானது. வகுப்பாசிரியரே பயிற்சி பெற்று, வாரம் ஒன்றாக 24 பாடங்களை நடத்துகிறார். ஜிப்பி ஒரு குச்சிப்பூச்சி. அதன் நண்பர்களான சிறுவர்களின் கதைகள் வழியாக உணர்வுகள், பேசிப் பழகுதல், நட்பு, சச்சரவு, மாற்றமும் இழப்பும், சமாளித்தல் என ஆறு பகுதிகள் விரிகின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது, பிள்ளைக்கு யாரும் விடை சொல்லிக் கொடுக்காததுதான். ஒரு சிக்கலுக்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் பிள்ளைகளே தேடிச் சொல்லி, ஒவ்வொன்றையும் இரண்டு விதிகளால் உரசிப் பார்க்க வேண்டும்: அது என் மனத்துக்கு ஆறுதல் தருமா, எனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் இருக்குமா. ஒரு மாலை, தம்பி அவளுடைய லெகோ வீட்டை உடைத்துவிட்டான். ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி, "அம்மா, அடிச்சா எனக்குக் கோவம் ஆறும், ஆனா அவனுக்கு நோகும், அது சரிவராது" என்று அழுதுகொண்டே சொன்னாள். பிறகு அறைக்குள் போய், தலையணையைக் கட்டிப்பிடித்தபடி பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்தாள். "அழாதே" என்பதைத் தவிர வேறு ஆறுதல் அறியாத வீட்டில் வளர்ந்த எனக்கு அது பெரிய விஷயம்.

ஐந்தாம் பகுதியில் ஜிப்பி இறந்துவிடுகிறது. பிள்ளைகளை மயானத்துக்கு அழைத்துச் செல்வதும் பாடத்தில் உண்டு. சாவு வீட்டில் சிறுவர்களை அப்பால் அனுப்பிவிடும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இது உறுத்தலாம். ஆயினும் தேவையான துணிவு என்றே சொல்வேன். என் குறை பாடத்தின்மேல் அன்று, எங்கள் பாடசாலையின்மேல்தான். அந்த வாரம் என்ன கற்பிக்கப் போகிறார்கள் என்று பெற்றோருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. "யாழ்ப்பாணத்து அம்மம்மாவும் செத்துப் போவாவோ?" என்று அன்றிரவு அவள் கேட்டபோது நான் ஆயத்தமாக இருக்கவில்லை. "ஓம், எல்லாரும் ஒரு நாள்" என்று மட்டும் சொல்லி, விடிந்ததும் அம்மம்மாவோடு தொலைபேசியில் பேச வைத்தேன்.

பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடப்பதால், பொறாமை, ஏமாற்றம், பதற்றம் என்ற சொற்களை வீட்டில் நாமே சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு தம்பியின் வகுப்பிலும் தொடங்குகிறார்கள். வாராந்தப் பாட அட்டவணையை முதல் நாளே ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிட்டேன்.