ஏற்காட்டுக்குத் திட்டம்: முதலில் கதையா, கணக்கா?

ஏற்காட்டுக்கு அடுத்த 20 வருடத்துக்கு ஒரு திட்டம் போடுவதாக வைத்துக்கொள்வோம். தண்ணீர், காபித் தோட்டம், கோடை விழாக் கூட்டம், 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் வண்டிகள் எல்லாமே அதில் வர வேண்டும். நிபுணர்களிடம் கொடுத்து கணினியில் மாடல், அதாவது எண்களை வைத்து எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுக் காட்டும் அமைப்பு, கட்டச் சொல்வது ஒரு வழி. சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டி, எதிர்காலம் எப்படியெல்லாம் போகலாம் என்று மூன்று நான்கு கதைகளாக, அதாவது சினாரியோக்களாக, எழுத வைப்பது இன்னொரு வழி.

மாடலின் பலம், அது கூட்டிக் கழித்துக் காட்டும் என்பது. லாட்ஜ்கள் பெருகினால் கோடையில் எத்தனை டேங்கர் தண்ணீர் வேண்டும் என்று வாய்ப்பேச்சில் தெரியாது. ஆனால் மாடலின் உயிர் ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கிறது. எக்செல் தாளில் 'ஆண்டு வாகன வளர்ச்சி' என்ற கட்டத்தில் 5 சதவீதம் போட்டால், 20 வருடத்தில் வண்டிகள் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகும். 8 போட்டால் நாலரை மடங்குக்கு மேல். அந்த எண்ணை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள்? கடைசியில் கையில் வரும் கனமான அறிக்கையில் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கதையில் இந்தச் சிக்கல் இல்லை. மார்ச், ஏப்ரலில் காபிப் பூவுக்கு வேண்டிய மழை அடுத்தடுத்து இரண்டு வருடம் பொய்க்கிறது, சிறு விவசாயி நிலத்தை ரிசார்ட்டுக்கு விற்கிறார் என்று ஒரு கதை வந்தால், ஊர்க்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு திருப்பத்தை மாடல் தானாக யோசிக்காது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்துகொண்டிருந்த 1991-92இல் எதிரெதிர் அணியினர் மோன் ஃப்ளூர் என்ற இடத்தில் உட்கார்ந்து நான்கு கதைகள் எழுதினார்கள். மக்களுக்கு வாரி இறைத்து உயரப் பறந்து பிறகு பொருளாதாரம் விழுகிற அரசைப் பற்றியது, 'இகாரஸ்' என்ற கதை (சூரியனை நெருங்கிப் பறந்து விழுந்த கிரேக்கப் புராண இளைஞனின் பெயர் அது). அந்தக் கூட்டத்தில் இருந்த ட்ரெவர் மானுவல் 1996இல் நிதியமைச்சரானார். ஆட்சிக்கு வரப்போகிறவர்களே உட்கார்ந்து எழுதிய கதை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

கதைக்கும் ஒரு வியாதி உண்டு: சத்தமாகப் பேசுகிறவர் கதையே கதையாகிவிடும். எஸ்டேட் முதலாளி பேசி முடித்த பிறகு, மலையாளிப் பழங்குடிக் கிராமத்துப் பெண் ஊற்று வற்றுவதைச் சொல்ல எழுந்திருப்பாரா? அப்புறம், 'மழைநீரைச் சேமித்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது எழுதுவார்கள். எவ்வளவு நீர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அதனால் என் ஓட்டு, கதை முதலில், மாடல் பிறகு, மறுபடியும் கதை. செனகல் ஆற்றுப் படுகையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் விவசாயிகளையும் ஆடுமாடு மேய்ப்பவர்களையும் முதலில் பாத்திரமேற்று ஒரு விளையாட்டு ஆடவைத்தார்கள். அவர்கள் சொன்ன விதிகளைத்தான் பிறகு கணினியில் ஏற்றினார்கள். நேரம் பிடிக்கும், பணமும் பிடிக்கும். ஏரிக்கரைப் பார்க்கிங் மாதிரி விஷயத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம், நேராக மாடலுக்கே போகலாம்.

கதைகளை மூன்றாக மட்டும் வைக்காதீர்கள். எல்லோரும் நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு அதுதான் நடக்கும் என்பார்கள். இரண்டோ நான்கோ வையுங்கள். கூட்டம் மே மாதத்தில் வேண்டாம், டிரைவரும் லாட்ஜ்காரரும் வரமாட்டார்கள். டிசம்பரும் வேண்டாம், அது காபிப் பழம் பறிக்கிற நேரம்.